ரைஸ்னர்–நார்ட்ஸ்ட்ராம் மெட்ரிக்: நீண்ட நாள் பயன்படுத்தியவன் சொல்வது

"மேக்னட்டாரைச் சுற்றிய காலவெளிக்கு ரைஸ்னர்–நார்ட்ஸ்ட்ராம் மெட்ரிக்கைப் போட்டால் போதாதா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். (மேக்னட்டார் என்றால் அசுர காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் நட்சத்திரம். மெட்ரிக் என்றால் காலவெளியில் தூரத்தையும் நேரத்தையும் அளக்கும் சூத்திரம்; இது மின்னூட்டம் ஏறிய கோளப் பொருளைச் சுற்றிய காலவெளிக்கானது.) பல வருடமாக அதைக் கட்டிக்கொண்டு மாரடிப்பவன் என்பதால் எழுதிவிடுகிறேன்.

அருமையான சாமான், சந்தேகமே இல்லை. ஸ்வார்ஸ்சைல்டு தீர்வோடு (மின்னூட்டம் இல்லாத கோள நிறைக்கான மெட்ரிக்) ஒரே ஓர் உறுப்புதான் கூடுதல்: மின்னூட்டத்தின் வர்க்கத்தைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தது, அதுவும் கூட்டல் குறியோடு, அதாவது ஈர்ப்பைக் குறைக்கும் பக்கம். புலத்துக்கும் ஆற்றல் உண்டே, ஈர்ப்பு ஏன் குறைகிறது? மொத்த நிறையில் ஒரு பங்கு வெளியே மின்புலத்தில் பரவிக் கிடக்கிறது. நாம் நெருங்க நெருங்க அந்தப் பங்கு நம் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. அப்புறம், ரிச்சி ஸ்கேலர் (காலவெளியின் வளைவை ஒரே எண்ணாகச் சுருக்கிச் சொல்வது) எங்கும் பூஜ்யம். புரோகிராம் எழுதினால் முதலில் அதைத்தான் அச்சிட்டுப் பார்ப்பேன். பூஜ்யம் வரவில்லை என்றால் எங்கோ ஓர் அடுக்குக்குறி தப்பு. (அலகு தப்பினால் மட்டும் வாயே திறக்காது.)

எரிச்சல் என்னவென்றால், நிஜ நட்சத்திரம் எதிலும் இது உட்காராது. 1.4 சூரிய நிறைக்கு அந்தக் கூடுதல் உறுப்பு கண்ணில் படவே 10²⁰ கூலும் அளவில் மின்னூட்டம் வேண்டும். இரண்டு புரோட்டான்களுக்கிடையே மின்விலக்கம் ஈர்ப்பைவிட 10³⁶ மடங்கு. எந்த நட்சத்திரம் இதைத் தாங்கி வைத்திருக்கும்? எதிர்மின்னூட்டத்தை இழுத்துச் சமனாகிவிடும். மேக்னட்டாரின் காந்தப்புலமோ வடக்கு, தெற்கு என்று இருமுனை. அதற்குக் கோளச் சமச்சீர் கிடையாது, இந்த மெட்ரிக்கோ அது இல்லாமல் ஓடாது.

சரி, புலத்தின் பலமாவது கைகொடுக்குமா? 10¹⁵ காஸ் (காந்தப்புலத்தின் அலகு) புலத்தின் ஆற்றலை நிறையாக மாற்றினால் கன சென்டிமீட்டருக்குச் சுமார் 44 டன். மிரட்டலாகத்தான் இருக்கிறது. ஆனால் அணுக்கரு அடர்த்தி சுமார் 27 கோடி டன்! காலவெளி நன்றாக மாற 10¹⁸ காஸ் பக்கம் போகவேண்டும்.

நடப்பதெல்லாம் தலைகீழ்: காலவெளிதான் புலத்தை வளைக்கிறது. 12 கிலோமீட்டர் ஆரமுள்ள அதே நிறை நட்சத்திரத்தில், தூரத்திலிருந்து அளந்த இருமுனைத் திருப்புத்திறன் (காந்தமாக அதன் மொத்த பலம்) ஒன்றேதான் என்றாலும், துருவத்தில் புலம் தட்டை வெளிக் கணக்கைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். சோவியத் இயற்பியலாளர்கள் கின்ஸ்பர்கும் ஓசர்னாயும் 1964-லேயே போட்டுவைத்த கணக்கு இது. அதற்கு ஸ்வார்ஸ்சைல்டே போதும். புலத்தை அதன்மேல் ஏற்றினால் வேலை முடிந்தது.

மேக்னட்டாருக்கு என்று கேட்டால் ரைஸ்னர்–நார்ட்ஸ்ட்ராமுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்று. அதுவும் பழகிய தோஷத்துக்கு.