செட்டிநாட்டு வீட்டுக்குள் ‘பழைய போட்டோ’ ஃபில்டர்: சில வருஷப் புழக்கத்தில் பிடிபட்டவை

காரைக்குடி, கானாடுகாத்தான், கோட்டையூர் பக்கத்து வீடுகளை உள்ளே போய்ப் படமெடுப்பது சில வருஷமாகவே எனக்குப் பழக்கம். அந்தப் படங்களுக்குப் பழைய சாயல் கொடுக்க போனில் ஸ்நாப்சீட், லைட்ரூம் என்ற இரண்டு படத்திருத்த ஆப்களையும் விடாமல் பயன்படுத்தி வருகிறேன். “என்ன ஃபில்டர் போடுறீங்க?” என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஃபில்டரின் பெயரை மட்டும் சொன்னால் போதாது.

எந்த ஃபில்டரும் வீட்டைப் பழசாக்குவதில்லை. படம் அச்சான காகிதத்தைத்தான் பழசாக்குகிறது. இது புரியாதவரை ‘விண்டேஜ்’ பட்டனைத் தட்டிவிட்டு, என்னமோ சரியில்லையே என்று முழித்துக்கொண்டே இருப்போம்.

நண்பகலில் வளவில் (வீட்டு நடுவிலுள்ள திறந்த முற்றத்தில்) எடுத்த ஒரு படத்தைப் பாருங்கள். மேலிருந்து வெயில் இறங்குகிறது, சுற்றிலும் பர்மா தேக்குத் தூண்கள், தரையில் ஆத்தங்குடிக் கல். விண்டேஜ் ஃபில்டரை முழு அளவில் ஏற்றினால் கல்லின் நீலம் பாசி நிறமாகிவிடும், சிவப்பு செங்கல் தூளாகிவிடும். முட்டை வெள்ளை சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவரில் தூணின் நிழல் லேசாகத் தெரிகிற அந்த வழவழப்பு, ஃபில்டர் மேலே தூவும் மணல் போன்ற புள்ளிகளில் (கிரெய்ன்) காணாமல் போகும். ஆத்தங்குடிக் கல் நடக்க நடக்க மெருகேறுவது. அந்த வீட்டின் வயதைச் சொல்வதே அந்த மினுமினுப்புதான். ஃபில்டர் முதலில் தின்பதும் அதையே.

அதனால் என் கணக்கு இது: ஃபில்டரின் அழுத்தம் நூற்றுக்கு முப்பதைத் தாண்டக் கூடாது. ஸ்நாப்சீட்டில் ‘வியூ எடிட்ஸ்’ போய், போட்ட ஃபில்டரைத் தொட்டால் ஒரு பிரஷ் வரும். வேண்டிய இடத்தில் மட்டும் அதைத் தீட்டிக்கொள்ளலாம். சுவருக்கும் கூரைக்கும் தீட்டுகிறேன், தரையைத் தொடுவதில்லை. இந்த ஒரு வசதிக்காகவே அந்த ஆப்பை இன்னும் வைத்திருக்கிறேன், காசும் கேட்பதில்லை. அதிலுள்ள ரெட்ரோலக்ஸ், கிரஞ்ச் இரண்டும் கீறல், ஒளிக்கசிவு என்று அள்ளித் தெளிப்பவை. சினிமா போஸ்டருக்குப் பொருந்தலாம், முகப்பு வாசலுக்கு வேண்டாம்.

அடுத்தது, எந்தக் காலத்துக் காகிதம் வேண்டும் என்று முடிவு செய்துகொள்வது. ‘பழசு’ என்று ஒரே நிறம் கிடையாது. சீப்பியா என்கிற பழுப்பு, வெள்ளியை வெள்ளி சல்ஃபைடாக மாற்றுவதால் வருவது. படம் நாள்பட நிலைக்கட்டும் என்பதும் அதைச் செய்ததற்கு ஒரு காரணம். 19ஆம் நூற்றாண்டின் ஆல்புமென் படங்கள் வேறு வகை: காகிதத்தில் முட்டை வெள்ளை பூசியிருப்பார்கள் (சுவரிலும் அதுவே, படத்திலும் அதுவே!). அவற்றில் வெளிச்சமான இடங்கள்தான் மஞ்சளாகத் தெரியும், நிழல்கள் பழுப்பிலேயே நிற்கும். ரெடிமேட் ஃபில்டர்களில் பெரும்பாலானவை படம் முழுக்க ஒரே மஞ்சளைப் பூசிவிடுகின்றன. லைட்ரூமில் ‘கலர் கிரேடிங்’ போய் ஹைலைட்டுக்கு (வெளிச்சமான இடங்களுக்கு) மட்டும் மெல்லிய மஞ்சளும் நிழலுக்குக் கொஞ்சம் பழுப்பும் கொடுத்தால் அந்தச் சாயல் வந்துவிடும். எழுபதுகளின் கல்யாண ஆல்பம் மாதிரி வேண்டுமா? அந்தக் காலக் கலர் படங்களில் சயான் என்ற நீலப்பச்சைச் சாயம் மங்கி, சிவப்பு தூக்கலாக நிற்கும். கர்வ்ஸில் சிவப்புக் கோட்டைச் சற்று ஏற்றி, கறுப்பைக் கொஞ்சம் வெளுக்க விட்டால் போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது, யாரும் தொடாத ஒரு செட்டிங். ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லினேயஸ் ட்ரைப் 1858இல் மதுரையை எடுத்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். மெழுகிட்ட காகித நெகட்டிவில் எடுத்தவை. அக்காலத்து நெகட்டிவ்களுக்கு நீலமும் புற ஊதாவும்தான் உறைக்கும். சிவப்பும் மஞ்சளும் இருண்டு விழும், வானம் வெறும் வெள்ளையாகிவிடும். ஸ்நாப்சீட்டின் கறுப்பு-வெள்ளையில் கலர் ஃபில்டர் என்று ஒன்று உண்டு, அதில் நீலத்தைத் தேர்ந்தெடுங்கள். தேக்குத் தூண்கள் கரியாகக் கறுக்கும், சிவப்புத் தரை ஆழமாக இறங்கும், வெள்ளைச் சுவர் தனியாக எழுந்து நிற்கும். ஒரு சொட்டு மஞ்சள்கூடச் சேர்க்காமலேயே படம் நூறு வருஷம் பின்னால் போய்விடும்.

புள்ளி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. போன் திரையில் அழகாகத் தெரியும் கிரெய்ன், வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் கட்டம் கட்டமாக உடையும். மேட் காகிதத்தில் அச்சிட்டால் பாதி தெரியவே தெரியாது. எங்கே போகப் போகிற படம் என்று தெரிந்த பிறகே கிரெய்ன் போடுகிறேன்.

இன்னொன்று. நான் அனுப்பிய ஒரு படம் சில மாதம் கழித்து வேறொரு குரூப்பிலிருந்து “1920இல் எடுத்த அபூர்வப் புகைப்படம்” என்று எனக்கே திரும்பி வந்தது. பட்டாலை (கூடம்) சுவரில் பிளாஸ்டிக் சுவிட்ச் பாக்ஸ் பளிச்சென்று தெரிகிறது, ஒருத்தர் கண்ணிலும் படவில்லை! அன்றிலிருந்து, படம் எடுத்த வருஷத்தையும் ‘ஃபில்டர் போட்டது’ என்பதையும் படத்தின் ஓரத்திலேயே சின்ன எழுத்தில் போட்டுவிடுகிறேன். வீட்டுக்காரர்கள் படத்தைக் குடும்ப ஆவணமாக எடுத்து வைப்பார்கள், அவர்களுக்கு இது முக்கியம். ஒரிஜினலையும் தனி ஃபோல்டரில் கொடுத்துவிட வேண்டும்.

ஆப்பால் முடியாதவையும் உண்டு. பழைய கண்ணாடித் தகட்டுப் படங்களில் ஜன்னலைச் சுற்றி ஒளி கசிந்து பரவியிருக்கும். தகட்டின் பின்பக்கம் பட்டு ஒளி திரும்புவதால் வருவது அது. இப்போதைய போன்களோ ஜன்னலையும் இருட்டு மூலையையும் ஒரே வெளிச்சத்துக்குச் சமன் செய்துவிடுகின்றன. அந்தச் சமதள வெளிச்சத்தின் மேல் எந்த ஃபில்டரைப் போட்டாலும் ஒட்டாது. முடிந்தால் போனில் இப்படிச் சமன் செய்யும் எச்.டி.ஆர் வசதியை அணைத்துவிட்டு, வளவு வெளுத்துப் போனாலும் பரவாயில்லை என்று எடுங்கள். நடமாடும் ஆள் புகையாகத் தெரிவதும் அந்தக் காலத்து நீண்ட எக்ஸ்போஷரால் வந்ததுதான். அதற்கு ட்ரைபாடில் போனை வைத்து, ஷட்டரை இரண்டு மூன்று வினாடி திறந்து வைக்கும் கேமரா ஆப் ஏதாவது வேண்டும். வீட்டு ஆச்சியிடம் வளவைச் சும்மா ஒரு தடவை கடந்து போகச் சொல்லுங்கள், சிரித்துக்கொண்டே போவார்.