பொள்ளாச்சி தோப்பா, பழையகோட்டை தாவணியா?

கோவை, திருப்பூர் பக்கம் இருந்துட்டு "பசங்களுக்கு ஆடு மாடு காட்டணும், அப்டியே வீட்டுக்கு நல்ல சாமான் நாலு வாங்கணும்"னு யார்ட்ட கேட்டாலும் பொள்ளாச்சில ஏதாச்சும் ஒரு தென்னந்தோப்பு ஃபார்ம் ஸ்டேய கைகாட்டி விட்டுருவாங்க. என் ஓட்டு காங்கேயம் பக்கம் பழையகோட்டைல ஞாயித்துக்கெழம கூடுற மாட்டுத்தாவணிக்கு, அதாங்க மாட்டுச்சந்தைக்கு. ஆனா எல்லாருக்கும் அது செட் ஆகாது.

கைக்குழந்தை, முட்டிவலி இருக்கற அம்மாச்சியெல்லாம் கூட வந்தா யோசிக்கவே வேணாம், பொள்ளாச்சிதான். கோவைலருந்து ஒரு 40 கிலோமீட்டர், நெழலு இருக்கு, பாத்ரூம் இருக்கு, வாழையில போட்டு சாப்பாடு. தென்னைக்கு நடுவுல ஊடுபயிரா கோகோ, ஜாதிக்கா வச்ச தோப்பா பாத்து போங்க, சாக்லேட்டு காய் மரத்துத் தண்டுலயே ஒட்டிட்டு காய்க்கறத பாத்தா பசங்க நம்பவே மாட்டாங்க. ஓலை மேல கரி பூசுன மாதிரி கருப்பா இருந்தா அது வெள்ளை ஈ பண்ற வேலை, 2016-ல இந்தப் பக்கம் வந்துச்சு, அது விடுற பிசுபிசுப்பு மேல பூசணம் புடிச்சுக்குது. தோட்டக்காரர்ட்ட அத பத்தி கேட்டா அரை மணி நேரம் பொலம்புவாரு, கேளுங்க, பேக்கேஜ்ல இல்லாத நல்ல ஐட்டம் அதுதான்.

ஆனா ஆடு மாடுன்னு போனீங்கன்னா அங்க பெருசா ஒண்ணுமில்ல. முயல் கூண்டு, லவ் பேர்ட்ஸ், ரெண்டு ஆடு, மாட்டு வண்டில தோப்ப ஒரு சுத்து, முடிஞ்சுது. சில எடத்துல ஈமு வேற நிக்கும், அத பாத்தா பெரியவங்களுக்கு 2012-ல ஈமு பண்ணை மோசடில பணம் போனது ஞாபகம் வந்து வயிறு எரியும், அது தனிக் கதை.

தாவணில இருக்கறது அத்தனையும் காங்கேயம் மாடு. மயிலை, செவலை, காரின்னு நெறத்த வச்சே ஆளுக பேசிக்கறத கேக்கவே நல்லாருக்கும். கன்னு பொறக்கறப்ப செவப்பாத்தான் இருக்கும், ஆறு மாசம் போல ஆகறப்பதான் வெளுக்க ஆரம்பிக்கும், அதனால வெள்ளத் தாய்ப் பக்கத்துல செவப்புக் கன்னு நிக்கறத பாத்துட்டு "இது வேற மாட்டோட கன்னா"ன்னு பசங்க கண்டிப்பா கேப்பாங்க. வாங்க வந்தவரு வாயத் தொறந்து பல்லு பாப்பாரு, சுழி பாப்பாரு, நடக்க விட்டு பாப்பாரு. எட்டுப் பல்லும் வந்துட்டா கடை சேந்துருச்சும்பாங்க, அதாவது மாடு முழுசா வளந்துருச்சுன்னு. இனவிருத்திக்கு வளக்கற பூச்சிக்காளைகிட்ட மட்டும் பசங்கள விட்றாதீங்க, செல்ஃபி எல்லாம் தள்ளி நின்னு எடுத்துக்கலாம்.

போற வழில கொறங்காடும் (வேலி போட்ட மேய்ச்சல் காடு) பாருங்க, அத காட்டாம வந்தா பாதி பாத்த மாதிரிதான். முள்கிளுவை வேலி, உள்ள கொழுக்கட்டைப்புல்லு, அங்கங்க வெள்வேலா மரம், எல்லாமே மழைய நம்பித்தான், வேலி இருக்கறதால மாட்ட பாத்துக்க ஆள் வேணாம், அதுபாட்டுக்கு மேயும். வறண்ட காடுதானேன்னு தோணும், ஆனா இந்த மாடு இவ்ளோ உறுதியா இருக்கறதே இந்த மேய்ச்சல்லதான்.

பொள்ளாச்சிலயும் மாட்டுச்சந்தை இருக்கேன்னு கேப்பீங்க. அது செவ்வாயும் வியாழனும், ஸ்கூல் நாளு, அதுமில்லாம நெறைய மாடு லாரி ஏறி கேரளாவுக்கு அறுப்புக்கு போறது, சின்னப் பசங்கள கூட்டிட்டு போற எடமில்ல.

சாமான் வாங்கறதுல பொள்ளாச்சி எளநிய அடிச்சுக்க முடியாது. ஆனா எண்ணெய்க்கு காங்கேயம்தான், சுத்துவட்டாரம் பூரா கொப்பரைக் களமும் ஆயில் மில்லும், பொள்ளாச்சித் தேங்காயே இங்க வந்துதான் காயுது. திரும்பறப்ப ஊத்துக்குளி வழியா வந்தா வெண்ணெயும் வாங்கிக்கலாம்.

தாவணிக்கு வெள்ளனவே போயிருங்க, வெயில் ஏறுனா பசங்க தாங்காது, தொப்பி, தண்ணி எல்லாம் நீங்கதான் கொண்டு போகணும். கோமாரி மாதிரி நோய் பரவுற சமயத்துல சந்தைய நிறுத்தி வச்சிருவாங்க, அதனால சனிக்கெழமயே காங்கேயத்துல தெரிஞ்சவங்க யாருக்காச்சும் ஒரு ஃபோன போட்டு கேட்டுட்டு கெளம்புங்க.