கேபினிலிருந்து குளம் வரை: பாத்ரோபா, கஃப்தானா, டி-ஷர்ட்டும் ஷார்ட்ஸுமா?

சொகுசுக் கப்பலில் கேபின் அலமாரியைத் திறந்தால் வெள்ளைவெளேரென்று ஒரு பாத்ரோப் (குளியல் அங்கி, சுருக்கமாக ரோப்) தொங்கும். அவர்களே கொடுத்ததுதானே, போட்டுக்கொண்டு எங்கும் போகலாம் என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள். உண்மையில் அது கேபினுக்கும் பால்கனிக்கும் ஸ்பாவுக்கும் குளத்துக்கும் மட்டும் கொடுத்தது. இந்த நான்குக்கும் நடுவே லிஃப்ட், படிக்கட்டு, காபிக் கவுன்டர், பஃபே எல்லாம் வருகின்றன. முகச்சுளிப்பும் வாக்குவாதமும் அங்கேதான். ஆகவே நீச்சலுடைக்கு மேல் எதைப் போட்டுக்கொண்டு வழியைக் கடப்பது என்பதுதான் இங்கே கேள்வி. அதற்கு மூன்று போட்டியாளர்கள் உண்டு. நான்காவதாக ஒரு வழியும் உண்டு, அதைப் பெரும்பாலோர் யோசிப்பதே இல்லை.

முதலில் கப்பலின் அமைப்பு

நிலத்தில் உள்ள ஹோட்டலில் குளம் ஒரு மூலையில் இருக்கும், சாப்பாட்டுக்கூடம் இன்னொரு மூலையில். கப்பலில் பெரும்பாலும் இரண்டும் ஒரே தளம். ராயல் கரீபியனின் குவான்டம் வகைக் கப்பல்களில் (சிங்கப்பூரிலிருந்து ஓடிய ஸ்பெக்ட்ரம் ஆஃப் த சீஸ் அந்த வகைதான்) குளமும் விண்ட்ஜாமர் பஃபேயும் 14-ஆம் தளத்தில்தான். குளிக்கப் போகிறவரும் தட்டோடு இடம் தேடுகிறவரும் ஒரே கதவருகே மோதிக்கொள்ளாமல் முடியாது.

குனார்டின் குவீன் மேரி 2 இன்னும் சங்கடம். 345 மீட்டர் நீளக் கப்பல். ஸ்பா 7-ஆம் தளத்தின் முன்பக்கம், கிங்ஸ் கோர்ட் பஃபே அதே தளத்தின் நடுவில். பின்பக்கக் கேபின்காரர் பக்கத்து லிஃப்டில் 7-க்கு வந்து நேராக ஸ்பாவை நோக்கி நடந்தால், காலைச் சாப்பாட்டுக் கூட்டத்தின் ஊடே பாத்ரோபோடு ஊர்வலம் போக வேண்டியதுதான். சரியான வழி இது: தன் கேபின் தளத்திலேயே நடைகூடம் வழியாக முன்பக்கம் வரை நடந்து, முன்கோடியில் உள்ள படிக்கட்டிலோ லிஃப்டிலோ 7-க்குப் போவது. நடை என்னவோ ஒன்றுதான். ஆனால் வழியில் இருப்பவை கேபின் கதவுகள் மட்டுமே.

எந்தக் கப்பலானாலும் இதைச் செய்யலாம். ஏறிய அன்றே தள வரைபடத்தில் உங்கள் கேபின், குளம், ஸ்பா, பஃபே நான்கையும் பாருங்கள். உயரமான தளங்களில் கிடைமட்டமாக நடப்பதைத் தவிர்த்து, கேபின் தளத்தில் நடந்துவிட்டுச் செங்குத்தாக ஏறுங்கள்.

பாத்ரோப்: சுகம் அதிகம், எல்லை குறைவு

கப்பலில் கொடுப்பவை இரண்டு வகை. ஒன்று துவாலைத் துணி போன்ற டெரி, இன்னொன்று கட்டம் கட்டமாக நெய்த வாஃபிள் துணி. டெரி நன்றாக ஈரம் உறிஞ்சும், கதகதப்பு. ஆனால் உலர்ந்த நிலையிலேயே ஒரு கிலோவைத் தொடும், நனைந்தால் முதுகில் மூட்டை ஏற்றியதுபோல் இருக்கும். வாஃபிள் லேசானது, சீக்கிரம் காயும், ஆனால் மெல்லியது. ஈர நீச்சலுடை மேல் போட்டால் நிறமும் கோடும் தெரியும்.

பெரிய சிக்கல் துணியில் இல்லை, முன்பக்கத் திறப்பில் இருக்கிறது. ரோபில் பொத்தான் கிடையாது, ஒரு இடுப்புப் பட்டைதான். மேல்தளத்துக் காற்றைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கப்பல் 20 நாட் வேகத்தில் போனால் அதுவே மணிக்கு 37 கிலோமீட்டர் காற்று. எதிரே 15 நாட் காற்று வீசினால் மொத்தம் 65 கிலோமீட்டரைத் தொடும். கதவைத் திறந்து வெளியே காலை வைத்ததும் ரோப் இரண்டு பக்கமும் இறக்கை விரிக்கும். பட்டையை இடுப்பில் ஒருமுறை சுற்றிச் சுருக்குப் போட்டால் அவிழ்ந்துவிடும். இரண்டு முடிச்சாகப் போட வேண்டும். உட்காரும்போது முட்டிக்கு மேல் விலகும், அதற்கு முடிச்சும் உதவாது. ‘எல்லாருக்கும் ஒரே அளவு’ என்று வைத்திருப்பது பருமனானவர்களுக்கு முன்பக்கம் போதாது. பெரிய அளவு வேண்டுமானால் முதல் நாளே கேபின் ஸ்டூவர்டிடம் (அறைப் பணியாளரிடம்) கேளுங்கள், பெரும்பாலும் கொண்டுவந்து தருவார்.

ரோபோடு வரும் துணிச் செருப்பு தனி ஆபத்து. அடிப்பாகம் மெல்லிய நுரை, பிடிமானமே இல்லை. ஈரத் தளத்தில், அதுவும் கப்பல் லேசாக ஆடும்போது, குளத்தோரப் படியில் சறுக்கிவிடும். வெளியே போக ரப்பர் அடி உள்ள சொந்தச் செருப்பைப் போடுங்கள்.

ரோபுக்கு ஏற்ற இடங்கள்: கேபின், பால்கனி, ஸ்பாவுக்குள், குளத்தோரச் சாய்நாற்காலி. கேபினுக்கும் இவற்றுக்கும் இடையே நிற்காமல் நடப்பது பெரும்பாலான கப்பல்களில் யாரும் தடுக்காத விஷயம். உள்ளே நீச்சலுடை இருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். வெறும் ரோப் மட்டும் அணிந்து லிஃப்ட் ஏறுகிறவர்களால்தான் ரோபுக்கே கெட்ட பெயர்.

கஃப்தானும் சரோங்கும்

எங்கள் தீர்ப்பில் பெண்களுக்கு முதலிடம் இதற்குத்தான். தலைவழியாகப் போடும் தளர்வான அங்கியான கஃப்தானில் முன்திறப்பு இல்லை, காற்று அதை ஒன்றும் செய்யாது. குளத்திலிருந்து வரும்போது பஃபேயில் ஒரு தட்டு எடுத்துக்கொள்ளவும் இதுவே தோது. பகல் நேரத்தில் நீச்சலுடைக்கு மேல் ஏதாவது உடையும் காலில் செருப்பும் இருந்தால் பஃபேயில் உள்ளே விடுவது பொதுவான வழக்கம்.

துணியைப் பார்த்து வாங்குவதில்தான் சூட்சுமம். வெள்ளைப் பருத்தி கஃப்தான் கடையில் அழகு. ஈர நீச்சலுடை மேல் போட்டால் கண்ணாடித்தாள், உடம்போடு ஒட்டிக்கொள்ளும். ரேயான் நனைந்தால் கனத்துத் தொங்கும், சுருங்கவும் செய்யும். அடர்நிற பாலியெஸ்டரோ, அச்சுப் பூப்போட்ட பாலியெஸ்டரோ நல்லது. அச்சு அடர்த்தியாக இருந்தால் ஈரத் திட்டு தெரியாது. நீளம் முட்டியளவு போதும். கணுக்கால் வரை தொங்கினால் செங்குத்தான கப்பல் படிகளில் ஓரம் மிதிபடும்.

சரோங் என்பது உடம்பில் சுற்றிக் கட்டும் ஒற்றைத் துணி, பெட்டியில் இடமே பிடிக்காது. இடுப்பில் மட்டும் கட்டினால் குளத்தோரம்வரை செல்லும். பஃபேக்குள் போவதானால் கழுத்துக்குப் பின் முடிந்து உடம்பை மூடிக் கட்ட வேண்டும். அதுவும் முடிச்சு நம்பகமானதாக இருந்தால்தான், இரண்டு கையிலும் தட்டு இருக்கும்போது அவிழ்ந்தால் பிடிக்க மூன்றாவது கை கிடையாது.

டி-ஷர்ட்டும் ஷார்ட்ஸும்

ஆண்களுக்கு இதைவிட வேறு யோசிக்க வேண்டியதில்லை. நீச்சல் ஷார்ட்ஸ் ஏற்கெனவே ஷார்ட்ஸ்தான், மேலே ஒரு டி-ஷர்ட் போதும். குறை ஒன்றே: உட்காரும் இடம். ஈர ஷார்ட்ஸோடு பஃபேயின் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போனால், அடுத்து வருகிறவர் உலர்ந்த பேன்ட்டோடு அந்த ஈரத்தில் உட்காருவார். குளத்தை விட்டு வெளியேறியதும் பத்து நிமிடம் வெயிலில் நின்று, ஷார்ட்ஸின் ஓரத்தைப் பிழிந்து, துண்டால் ஒற்றிவிட்டு உள்ளே போங்கள். கை இல்லாத பனியன் பல கப்பல்களில் இரவு உணவுக்கூடத்தில் அனுமதி இல்லை. கார்னிவல் கப்பல் நிறுவனம் தன் உடை விதிப் பட்டியலில் நீச்சலுடை, ரப்பர்ச் செருப்பு, ஜிம் ஷார்ட்ஸ், ஆண்களின் கையில்லாச் சட்டை எல்லாவற்றையும் முதன்மை உணவுக்கூட இரவு விருந்துக்கு விலக்கி வைத்திருக்கிறது. ‘ஜாலியான கப்பல்’ என்று பெயரெடுத்த கார்னிவலே இப்படி என்றால் மற்றவர்கள் இருப்பது எங்கே என்று ஊகிக்கலாம்.

போய் மாற்றிக்கொள்வது

முதலில் சொன்ன நான்காவது வழி இது. ஸ்பாவுக்கு முன்பதிவு செய்தவர்களுக்கு இதுதான் சரியானது. ஸ்பாவில் பூட்டுள்ள லாக்கரும் குளியலறையும் ரோபும் செருப்பும் அங்கேயே கொடுப்பார்கள். சாதாரண உடையில் போய், அங்கே மாற்றிக்கொண்டு, முடித்ததும் குளித்துவிட்டு அதே உடையில் திரும்பலாம். கேபின் ரோபில் போவதால் ஒரு லாபமும் இல்லை. மசாஜ் முடித்தவர் ரோபில் திரும்பினால் உடம்பு எண்ணெய் எல்லாம் அந்த வெள்ளைத் துணியில் ஏறும். நேரம் மட்டும் கூடுதலாகக் கணக்குப் போடுங்கள், குறித்த நேரத்துக்குக் கால் மணி முன்னதாகப் போக வேண்டும்.

குளத்தோரக் கழிப்பறையில் மாற்றிக்கொள்வது இந்த அளவுக்கு நன்றாக இருக்காது. இடம் குறுகல், தரை ஈரம், வரிசையில் நிற்பவர்களின் பொறுமையும் குறைவு.

காலைக் காபிச் சண்டை

விடிகாலை ஆறு மணிக்கு ரோபும் துணிச் செருப்புமாக பஃபேக்குப் போய், ஒரு கப் காபி எடுத்துக்கொண்டு திரும்புவது சரியா? கப்பல் பயணிகள் இதில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். ‘உட்காரவில்லையே, எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்’ என்பது ஒரு கட்சி. சாப்பாடு இருக்கும் இடத்துக்கு இரவு தூங்கிய துணியோடு வராதே என்பது மறு கட்சி. நம் ஓட்டு மறு கட்சிக்கு. ரோபின் அகன்ற கை காரணம்: கவுன்டரில் பாலுக்கோ பழத்துக்கோ கையை நீட்டினால் டெரித் துணியின் மடிப்பு பாத்திரத்துக்குள் போய் வரும். வயிற்றுப்போக்குத் தொற்று கப்பல்களில் எவ்வளவு வேகமாகப் பரவும் என்று தெரிந்தவர்கள் இதை அலட்சியம் செய்யமாட்டார்கள். மாற்று வழி எளிது. பல நிறுவனங்களில் காலை காண்டினென்டல் உணவைக் கேபினுக்கே கட்டணமின்றித் தருவார்கள். முந்தின இரவு நேரத்தைக் குறித்து அட்டையைக் கதவுக் கைப்பிடியில் தொங்கவிட்டாலோ செயலியில் பதிந்தாலோ போதும்.

யார் எப்படி

குனார்டில் எல்லா அறைக்கும் ரோபும் செருப்பும் உண்டு, ஆனால் மாலை 6 மணிக்கு மேல் கப்பலின் பெரும்பகுதிக்கு உடை விதி வந்துவிடும். 5:50-க்கு ஸ்பாவிலிருந்து கிளம்பினால் லிஃப்டில் கோட்டும் நீள கவுனும் அணிந்தவர்களுக்கு நடுவே நிற்பீர்கள். ஐந்துக்குள் கேபின் திரும்பிவிடுவது நல்லது.

ஜெர்மானியர்களின் ஐடா கப்பல்களில் கணக்கே வேறு. சானாவில் உடையில்லாமல் இருப்பதுதான் அவர்கள் வழக்கம், ஆகவே அங்கே போகவர ரோப் இயல்பானது. ஜப்பானியர் பழக்கம் இதற்கு நேரெதிர் போலத் தோன்றும்: பாரம்பரிய விடுதியான ர்யோகானில் யுகாதா என்ற மெல்லிய பருத்தி அங்கி அணிந்து உணவுக்கூடம் வரை போகலாம், ஆனால் மேற்கத்திய பாணி ஹோட்டலில் அதே யுகாதாவோடும் அறைச் செருப்போடும் நடைகூடத்துக்கு வராதீர்கள் என்று எழுதியே வைத்திருப்பார்கள். ஜப்பானியப் பயணிகள் அதிகமுள்ள கப்பலில் ரோபோடு வெளியே வந்தால் எவரும் சொல்லமாட்டார்கள், ஆனால் எல்லாரும் கவனிப்பார்கள்.

2022 ஜூனில் கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கியபின் நம்மவர்களுக்கும் இந்தக் கேள்வி வந்தது. நம் பதிப்பில் ரோபின் இடத்தில் நைட்டியும் அதன் மேல் ஒரு துண்டும், ஆண்களுக்குக் கைலியும் இருக்கும். நைட்டி உடம்பை மூடுவதில் ரோபைவிட மேல்தான். ஆனாலும் விதி இரண்டுக்கும் ஒன்றே: கேபின் கதவுக்கு உள்ளே. குழந்தைகளைக் குளத்துக்குக் கூட்டிப்போகும் அம்மாக்களுக்குச் சுடிதார் டாப்பும் லெக்கிங்ஸும் கஃப்தானின் வேலையை ஒழுங்காகச் செய்யும். ஆனால் பருத்தி உடையோடு தண்ணீரில் இறங்கக்கூடாது, நூல்பிசிறு வடிகட்டியை அடைக்கும் என்பதால் நைலான் அல்லது லைக்ரா உடைதான் கேட்பார்கள்.

காய வைப்பது

கடைசியாக ஒரு வித்தியாசம், இரண்டாம் நாள்தான் தெரியும். பல கப்பல்களில் குளியலறைச் சுவரில் இழுத்து மாட்டும் மெல்லிய கயிறு ஒன்று இருக்கும். பாலியெஸ்டர் கஃப்தானையும் நீச்சல் ஷார்ட்ஸையும் நன்றாகப் பிழிந்து அதில் போட்டால் காலைக்குள் காய்ந்துவிடும். நனைந்த டெரி ரோபை அந்தக் கயிறு தாங்காது, தாங்கினாலும் மறுநாள் மதியம்வரை ஈரவாடைதான். ஸ்டூவர்டிடம் கொடுத்து மாற்று வாங்கிக்கொள்ளுங்கள். பால்கனிக் கம்பியில் எதையும் தொங்கவிடாதீர்கள். அங்கே தீ விதியும் உண்டு, காற்றும் உண்டு. ரோப் கடலுக்குப் போனால் அதன் விலை உங்கள் கணக்கில் ஏறும்.