மதீனாவா, மக்காவா? ஓதப் போகும் தம்பிமாருக்கு

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து கொழும்பு மருதானையில் நின்றால் தம்பிமார் கேட்பது இதுதான்: சவூதியில் மார்க்கம் படிக்க மதீனா நல்லதா, மக்கா நல்லதா? நான் ஓதியது மதீனாவில். மச்சான் மக்காவில், உம்முல் குரா பல்கலைக்கழகத்தில்.

செலவு: புலமைப்பரிசில் கிடைத்தால் இரண்டிலும் படிப்பும் தங்குமிடமும் இலவசம், மாதம் கைச்செலவுக்கும் தருவார்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

மொழி: இரண்டிலும் அரபு தெரியாதவர்களுக்குத் தனி வகுப்பு உண்டு. 1961இல் தொடங்கிய மதீனாப் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்கள்தான் அதிகம். நைஜீரியரோடும் இந்தோனேசியரோடும் அறையில் இருந்தால், சோறு கேட்கவும் அரபுதான். உம்முல் குராவில் உள்ளூர்ப் பையன்கள் நிறைய. அவர்களுடைய பேச்சு வழக்கு மச்சானுக்குப் பிடிபட நாளெடுத்தது.

ஹரம் (புனிதப் பள்ளிவாசல்): மாலை அஸர் தொழுதுவிட்டு பஸ் ஏறினால், சூரியன் மறைந்ததும் தொழும் மஃரிபுக்கு நபியின் பள்ளிவாசலான மஸ்ஜிதுந் நபவி. தூணோரம் ஷெய்க் கதிரையில் இருப்பார். நாங்கள் கீழே வட்டமாக, முழங்காலில் கிதாபை விரித்துக்கொண்டு இரவுத் தொழுகையான இஷா வரை. மக்காவில் கஃபா இருக்கிறது, அதற்கு ஈடேது? ஆனால் ஹஜ் காலத்தில் வீதியெல்லாம் சனம், நினைத்த நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது.

காலநிலை: கோடையில் இரண்டும் நெருப்பு. மதீனாவின் ஜனவரி இரவு கொழும்பு உடம்புக்குச் சும்மா இல்லை, ஸ்வெட்டர் கட்டாயம்.

ஹதீஸ் (நபிமொழி) படிப்பதுதான் நோக்கம், அரபும் புதிது என்றால் மதீனா. அரபு சரளம், அடிக்கடி தவாஃப் செய்ய, அதாவது கஃபாவைச் சுற்றி வர, ஆசை என்றால் மக்கா.