திருப்பூர் சாயக்கழிவுநீரில் எம்.பி.ஆர்.: அடைப்பு தொடங்கும் இடம் ஏரேஷன் டேங்க்

எம்.பி.ஆர். என்பது பாக்டீரியா கழிவைத் தின்னும் காற்றூட்டத் தொட்டியும் (ஏரேஷன் டேங்க்), அதன் நீரை உறிஞ்சி வடிக்கும் நுண்துளைச் சவ்வும் (மெம்பிரேன்) சேர்ந்த அமைப்பு. மெம்பிரேன் அடைத்தால் எல்லோரும் மெம்பிரேனைத்தான் திட்டுகிறார்கள். சாயக்கழிவுநீரில் கோளாறு பெரும்பாலும் பாக்டீரியாவிடம் இருக்கும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதற்குப் பிறகு, ஆர்.ஓ. வைத்து நீரைத் திரும்ப எடுக்காமல் திருப்பூரில் சாயம் போட வழியில்லை. அந்த ஆர்.ஓ.வுக்குத் தெளிந்த நீர் தருவதுதான் எம்.பி.ஆரின் வேலை. நிறம் எடுப்பதை அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். ரியாக்டிவ் சாயம் காற்றூட்டலில் அவ்வளவாகச் சிதையாது.

பாக்டீரியா அடிபட்டால் வழவழப்பான பசையைக் கக்கும். அது மெம்பிரேனின் 0.04 மைக்ரான் துளையை மூடிவிடும். ப்ளீச்சிங்கில் மிஞ்சும் பெராக்சைடு, 40 டிகிரி தாண்டிய சூடு, பி.எச். 10, இவை மூன்றும் தெரிந்த எதிரிகள். உப்பு அப்படியில்லை. டி.டி.எஸ். (லிட்டரில் கரைந்த உப்பு, மி.கி. கணக்கில்) நாள்தோறும் 7,000 என்றால் பாக்டீரியா பழகிக்கொள்ளும். காலையில் 4,000, மாலையில் 9,000 என்று ஆடினால் செல் உடைந்து நுரை பொங்கும். அதனால் வரும் கழிவைக் கலந்து சமப்படுத்தும் ஈக்வலைசேஷன் டேங்க் 24 மணி நேரக் கொள்ளளவுக்குக் குறையக் கூடாது.

நுரையைக் கண்டதும் சிலிக்கான் ஆன்டிஃபோம் ஊற்றுவது பெரிய தவறு. மெம்பிரேன்மேல் எண்ணெய்போல் படிந்துவிடும். தண்ணீர் பீய்ச்சினால் போதும். துணியை மென்மையாக்கும் கேட்டயானிக் சாஃப்ட்னர், சாயத்தைப் பிடிக்க வைக்கும் ஃபிக்ஸிங் ஏஜென்ட் குளியல்களும் மொத்தமாக வந்தால் இதே கதைதான். பஞ்சு தனித் தலைவலி. 1 மி.மீ. டிரம் ஸ்கிரீன் இல்லையென்றால் மெம்பிரேனின் நார்க்கட்டுகளில் ஜடைபோல் பின்னிக்கொள்ளும். கையால்தான் பிரிக்க வேண்டும்.

சாயநீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் குறைவு. பி.ஓ.டி. (பாக்டீரியா தின்னும் கழிவின் அளவு), தழைச்சத்து, மணிச்சத்து 100:5:1 என்ற கணக்கில் 1,000 கிலோ பி.ஓ.டி.க்கு டி.ஏ.பி. 50 கிலோ, யூரியா 90 கிலோ. இது தொடக்கக் கணக்கு; வெளிநீரில் அம்மோனியா தென்பட்டால் யூரியாவைக் குறைக்கலாம்.

எம்.எல்.எஸ்.எஸ். (தொட்டியில் உள்ள ஸ்லட்ஜ், அதாவது பாக்டீரியாச் சேற்றின் அடர்த்தி) லிட்டருக்கு 8,000–10,000 மி.கி. நல்ல அளவு. 12,000 தாண்டினால் ஸ்லட்ஜ் கூழாகி ஆக்சிஜன் கரையாது, புளோயர் ஓடுவதெல்லாம் மின்கட்டணத்துக்குத்தான். இந்த அடர்த்தியில் ஸ்லட்ஜ் எவ்வளவு படிகிறது என்று பார்க்கும் அரைமணி ஜாடிச் சோதனையை நேரடியாகச் செய்தால் எதுவும் படியாது. நான்கு மடங்கு நீர்த்துப் பார்க்கவும்.

மெம்பிரேனுக்கு 9 நிமிடம் உறிஞ்சல், 1 நிமிடம் ஓய்வு. வாரம் ஒருமுறை 300–500 பி.பி.எம். ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) கொண்டு கழுவல். அதன்பின்னும் உறிஞ்சும் அழுத்தம் இறங்காவிட்டால் கால்சியம் படிவு என்று கொண்டு சிட்ரிக் ஆசிட். நடுவில் நன்றாக அலசியே ஆக வேண்டும். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு.

தீபாவளிக்குப் பட்டறைகள் ஒரு வாரம் மூடும்போது, வழக்கமான உணவில் ஐந்தில் ஒரு பங்குக்கு வெல்லக் கரைசல் ஊற்றி, விட்டுவிட்டுக் காற்று கொடுக்கவும். மெம்பிரேன் நீரில் மூழ்கியே இருக்கட்டும். காய்ந்தால் துளைகள் பழையபடி நீர் விடாது. திறந்த முதல் நாளே முழுக் கழிவையும் திருப்பிவிடாமல், நான்கு நாளில் ஏற்றவும்.