களி அருமை, வாசல் பலகையும் பாக்குச் சரமும் வேண்டாம்

தருமபுரி நான்கு ரோட்டிலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் ஒரு சிறுதானிய உணவகத்தில் ஆறு மாதங்களாக வாரம் இருமுறை கேழ்வரகுக் களி வாங்கி வருகிறேன். நாற்பது ஆண்டுகள் வெற்றிலைப் பாக்குப் போட்ட என் அப்பாவுக்குக் கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்த பிறகு, வாயை இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்க முடியவில்லை. மெல்லாமல் விழுங்கக்கூடிய களிதான் இன்று அவர் வயிறு நிறைய உண்ணும் உணவு.

சமையலில் குறை சொல்ல இடமில்லை. நொய் குழைய வெந்த பின் மாவைக் கொட்டி, துடுப்பால் கட்டி விழாமல் கிளறுகிறார்கள். உருண்டை கையில் ஒட்டுவதே இல்லை. காரம் பட்டால் அப்பாவுக்கு வாய் எரியும் என்று நான் சொன்ன நாள் முதல், சமைக்கும் அக்கா மிளகாய் சேர்க்காமல் ஒரு சிறு சட்டியில் கீரையைத் தனியே கடைந்து வைக்கிறார். இதற்கென்று கூடுதலாக ஒரு ரூபாயும் அவர்கள் வாங்கியதில்லை.

ஆனால் வாசலில் "கேழ்வரகு உண்டால் புற்றுநோய் அண்டாது" என்று பலகை வைத்திருப்பது சரியன்று. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 11 கிராம் நார்ச்சத்து உண்டு. அது பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்களால் நொதித்து, குடற்சுவரின் செல்களுக்கு உணவாகும் கொழுப்பு அமிலங்களாக மாறுகிறது. நார்ச்சத்து மிகுந்த உணவு பெருங்குடல் புற்றுநோயின் வாய்ப்பைக் குறைக்கும் என்பது உண்மைதான். குறைப்பது வேறு, அண்டவிடாமல் தடுப்பது வேறு. அப்பா பிறந்த நாள் முதல் களி உண்டு வளர்ந்தவர்.

அதைவிட வருத்தம் தருவது, பணம் வாங்கும் மேசைக்கு மேல் தொங்கும் பாக்குப் பொட்டலச் சரம். புகையிலை கலக்காத வெறும் பாக்கும் மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ஆம் ஆண்டிலேயே வெளியிட்டுவிட்டது. தொடர்ந்து மென்றால் வாயின் உட்தோல் நார்போல் இறுகி, வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். புற்றுக்கு முந்தைய நிலை அது. புற்றுநோய்களில் 30 முதல் 50 விழுக்காடு வரை தவிர்க்கக்கூடியவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதற்கு முதல் வழி புகையிலையை விடுவது. மதுவைத் தவிர்ப்பதும் உடல் எடையைக் கட்டுக்குள் வைப்பதும் அதோடு சேர்ந்தவை. பலகையில் எழுத வேண்டியது இதுதான்.

கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். "சாப்பிட்டு எந்திரிச்சதும் கேக்குறாங்கண்ணா, இல்லேன்னா பக்கத்துக் கடைக்குப் போறாங்க" என்றார். பாக்குக்குப் பதில் சோம்பு வைக்கும்படி கேட்டிருக்கிறேன். சரம் இன்னும் இறங்கவில்லை.

களி மதியம் இரண்டு மணிக்குள் தீர்ந்துவிடும். நோயாளிக்கென்று காலையிலேயே சொல்லி வைத்தால், காரமில்லாத கடைசலோடு எடுத்து வைக்கிறார்கள்.