மாதாமாதம் பிடித்த அந்த 129 ரூபாய்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கம் ரிசார்ட், காட்டேஜ் என்று வேலைக்குப் போகிற தம்பி தங்கச்சிகளுக்காக இதை எழுதுகிறேன். இடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஒரு கேஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, பெயரைப் போட்டால் அதை வைத்தே என்னை மடக்குவார்கள்.

2018 நவம்பரில் ஹவுஸ்கீப்பிங்கில் சேர்ந்தேன். முதல் பதினொரு மாதம் கான்ட்ராக்டர் பெயரில் சம்பளம், அப்புறம் நேரடி ரோல். கடைசியாக சூப்பர்வைசர். மொத்தம் 17,200 ரூபாய், அதில் பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்து 13,000. சம்பளச் சீட்டில் பி.எஃப். ஒரு வரி, இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்கு ஒரு வரி. இ.எஸ்.ஐ.க்கு நம் பங்கு முக்கால் சதவீதம், எனக்கு 129 ரூபாய். நிர்வாகம் 3.25 சதவீதம், அதாவது 559 ரூபாய் சேர்த்து அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். சீட்டில் பிடித்தம் என்று போட்டிருந்தால் கட்டிவிட்டார்கள் என்றுதானே நினைப்போம்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

2024 ஜனவரி, பொங்கலுக்கு நாலு நாள் முன்னால். ரூம் எல்லாம் புக் ஆகியிருந்தது. லாண்டரியில் வெள்ளைத் துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கூட இருந்த அக்கா என் முகத்தையே பார்த்துவிட்டு, "தம்பி, அந்தத் துண்டைக் கண்ணுக்குப் பக்கத்துல வெச்சுக் கண்ணாடியில பாரு" என்றார். துண்டு வெள்ளை, கண் மஞ்சள். காமாலை. நாலைந்து நாளாகச் சோறு பிடிக்காமல் இருந்ததற்குக் குளிரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் அம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி வைத்துவிட்டார். நானும் குடித்தேன், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கீழாநெல்லி சர்டிஃபிகேட் தராது. 12ஆம் தேதியே இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போனது நான் செய்த ஒரே நல்ல காரியம். டாக்டர் பார்த்து ஓய்வுச் சான்று எழுதினார். வாராவாரம் போய்ப் புதுப்பித்து, பிப்ரவரி 22 வரை 42 நாள். இ.எஸ்.ஐ.யில் முதல் இரண்டு நாளுக்குக் காசு கிடையாது. மீதி நாளுக்குச் சராசரிக் கூலியில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. என் கணக்குப்படி ஒரு நாளுக்கு 395 ரூபாய், 40 நாளுக்கு 15,800. கடனை அடைக்க அதை நம்பித்தான் படுத்திருந்தேன்.

அந்தப் பணத்துக்கு, நான் அந்த நாட்களில் வேலைக்கு வரவில்லை என்று நிர்வாகம் உறுதி செய்ய வேண்டும். ஹெச்.ஆர். மேடத்துக்கு போன் மேல் போன். இரண்டு வாரம் இழுத்துவிட்டு வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் வந்தது: "உங்கள் பேப்பர் ரெடி. வரும்போது ராஜினாமா லெட்டர் ஒன்று கொண்டு வாருங்கள், ஃபார்மாலிட்டிதான்." போனில் கேட்டால், "ஒரு மாசத்துக்கு மேல ஆயிடுச்சு தம்பி, ரோல்ல வெச்சிருக்க முடியாது. ஏப்ரல் சீசனுக்கு உங்களைத்தான் முதல்ல கூப்பிடுவோம்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். உடம்பில் தெம்பில்லாத நேரம், பேப்பர் வேண்டும், சீசனுக்குக் கூப்பிடுவதாக வேறு சொல்கிறார்கள். யாரும் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை, என் கையெழுத்து, என் பேனா. இதை மறைத்து எழுதினால் இந்தப் பதிவுக்கு அர்த்தமில்லை.

அவர்கள் தந்த பேப்பரோடு இ.எஸ்.ஐ. அலுவலகம் போனேன். அங்கிருந்தவர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஜனவரி முதல் ஜூன் வரைக்குள் நோய்க்காலப் பணம் கேட்டால், அதற்கு முந்தைய ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய பங்களிப்பைப் பார்ப்பார்களாம். அந்த ஆறு மாதத்தில் 78 நாளாவது இருக்க வேண்டும். எனக்கு 2023 ஏப்ரல் 30 நாள், மே 31 நாள். ஜூனிலிருந்து கட்டமெல்லாம் காலி. சீசன் மாதம் இரண்டுக்கு மட்டும் கட்டிவிட்டு நிறுத்தியிருக்கிறார்கள். 61 நாள். "பதினேழு நாள் குறையுதுங்களே" என்றார், ரேஷன் கடையில் எடை குறைவதைச் சொல்கிற குரலில். ஜூனிலிருந்து டிசம்பர் வரை ஏழு மாதம் 129 ரூபாய் என் சீட்டில் பிடித்தது மட்டும் நிற்கவில்லை.

ராஜினாமா லெட்டர் எதற்கு என்பது அப்போதுதான் உறைத்தது. நான் இ.எஸ்.ஐ. வாசலில் ஏறினால் அவர்கள் கட்டாதது வெளியே வரும். அதற்குள் நான் 'தானாகப் போனவன்' ஆகிவிட வேண்டும்.

செட்டில்மென்ட்டுக்கு மார்ச் முதல் வாரம் கூப்பிட்டார்கள். டேபிளில் ஒரு தாள், கீழே ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி ரெடியாக இருந்தது. ஜனவரியில் வேலை செய்த 11 நாள் கூலி 6,103 ரூபாய். கழிவு: ஒரு மாத நோட்டீஸ் தராமல் போனதற்கு 17,200, யூனிஃபார்ம் 1,800. ஆக நான்தான் அவர்களுக்கு 12,897 ரூபாய் தர வேண்டுமாம். மீதி இருந்த 14 நாள் லீவுக்கு ஒரு வரிகூட இல்லை. மேனேஜர் சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "கணக்குப்படி பாத்தா நீ தரணும். நம்ம பையன்னு விட்டுடறோம். கையெழுத்தைப் போட்டுட்டுப் போ" என்றார். ஸ்டாம்ப்புக்கு மேலே டைப் செய்திருந்த வரி: 'எனக்குச் சேர வேண்டிய சம்பளம், லீவுப் பணம், கிராஜுட்டி அனைத்தும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாக்கியும் இல்லை.'

லெட்டர் கேட்டதும் அவர்கள், நோட்டீஸ் காசைக் கழிப்பதும் அவர்கள்! கோபத்தில் எனக்கு வார்த்தை வரவில்லை. "அம்மாகிட்ட கேட்டுட்டு வரேன் சார்" என்று மட்டும் சொன்னேன். சிரித்தார்கள். முப்பத்தி நாலு வயசுக்காரன் அம்மாவைக் கேட்கப் போகிறான் என்று. போனில் அந்தத் தாளை ஒரு படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நான் செய்த இரண்டாவது நல்ல காரியம்.

அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். சிக் லீவு போட்டால் எஸ்டேட் ஆஸ்பத்திரித் துண்டு, சம்பளத்தன்று சீட்டு, போனஸ் துண்டு என்று ஒன்றையும் தூக்கிப் போட மாட்டார். ஒரு பழைய பிஸ்கெட் டப்பா, மூடி துருப்பிடித்திருக்கும், திறந்தால் கற்பூர வாசனை. செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், பேர் போட்டார்களா என்று கணக்குப்பிள்ளையிடம் தினமும் கேட்டுவிட்டுத்தான் லயத்து வீட்டுக்குத் திரும்புவார். நான் ஏ.டி.எம். கார்டு வந்த தலைமுறை, சீட்டை பேன்ட் பாக்கெட்டில் கசக்கி வைப்பவன். துவைக்கும்போது எடுத்து, நீவி, அதே டப்பாவில் போட்டு வைத்திருந்தார். 2019லிருந்து ஏறத்தாழ எல்லா மாதத்துச் சீட்டும் அதில் இருந்தது. "அவங்க நோட்டுல எழுதினா போதுமா, நம்ம கையில இருக்க வேணாமா?" என்றார். எனக்கு வக்கீல் சொன்னதைவிட அதிகம் சொன்னது அந்த ஒரு வாக்கியம்.

பெட்போர்டு பக்கம் ஒரு டீக்கடையில் தொழிற்சங்கத்து அண்ணன் ஒருவரைப் பார்க்கச் சொன்னார்கள். சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்துவிட்டு, "பிடிச்சுட்டுக் கட்டாம விட்டது தெளிவா இருக்கு. நீ ஏன் தம்பி விடணும்?" என்றார். நிர்வாகம் கட்டத் தவறியதால் தொழிலாளிக்குப் பணம் கிடைக்காமல் போனால், இ.எஸ்.ஐ. கழகமே அதைக் கொடுத்துவிட்டு நிர்வாகத்திடம் வசூலிக்கலாம் என்று அப்போது நடைமுறையில் இருந்த 1948ஆம் வருஷச் சட்டத்தின் 68ஆம் பிரிவு சொன்னதாம். சம்பளத்தில் பிடித்ததைக் கட்டாமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடிக் கணக்கில் வரும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். கோவை இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்குச் சீட்டு நகல்கள், பேங்க் பாஸ்புக் நகல், ஓய்வுச் சான்றுகளோடு பதிவுத் தபாலில் புகார் போனது. அங்கே நேரிலும் மூன்று முறை. ஒவ்வொரு தடவையும் விடிகாலை பர்லியார் வழியாக இறங்கி, இருட்டிய பிறகு ஏறி, பஸ் டிக்கெட்டே தனிக் கணக்கு. 15,800 ரூபாய் நவம்பரில்தான் என் அக்கவுன்டுக்கு வந்தது.

சம்பளப் பாக்கிக்குத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு. முதல் இரண்டு விசாரணைக்கு நிர்வாகம் ஆளே அனுப்பவில்லை. மூன்றாவதில் ஹெச்.ஆர். மேடம் வந்தார். நோட்டீஸ் கழிவு பற்றிப் பேச்சு வந்தபோது அந்த வாட்ஸ்அப் மெசேஜைக் காட்டினேன். ராஜினாமா லெட்டர் கொண்டு வா என்று அவரே கேட்டது, தேதி, நேரத்தோடு. அதிகாரி படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, போனை மேடத்திடம் நீட்டினார், அவ்வளவுதான். 11 நாள் கூலி, 14 நாள் லீவுப் பணம் 8,027, ஆக 14,130 ரூபாய் ஜூலையில் வந்தது. யூனிஃபார்மைத் துவைத்து, இஸ்திரி போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அந்த 1,800ஐ அப்புறம் யாரும் கேட்கவில்லை.

இப்போது வேலையை விடுகிறவர்களுக்கு ஒரு வசதி. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பில், நீக்கினாலும் சரி, நாமே ராஜினாமா செய்தாலும் சரி, கூலிப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்று இருக்கிறது. "அக்கவுன்ட்ஸ்ல 45 நாள் ஆகும்" என்று சொன்னால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

பி.எஃப். எனக்குக் கட்டியிருந்தார்கள், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆனால் விலகிய தேதியைப் பதியாமல் விட்டுவைத்தார்கள். கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் ஆனால் ஆதார் ஓ.டி.பி. போட்டு நாமே பதிந்துகொள்ளலாம். யாரையும் கெஞ்ச வேண்டாம், நான் பேருந்துக்குக் காத்திருந்த நேரத்தில் முடித்தேன்.

இ.எஸ்.ஐ. பங்களிப்பையும் அப்படித்தான் பார்க்க வேண்டும், உடம்பு நன்றாக இருக்கும்போதே. இன்சூரன்ஸ் எண்ணை வைத்து போனிலேயே மாதவாரியாகத் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போதும். காலிக் கட்டம் தெரிந்தால் அன்றைக்கே கேளுங்கள், படுத்த பிறகு கேட்டால் 17 நாள் குறையும். செட்டில்மென்ட் தாளில் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டிய நிலை என்றால், தொகையை எழுதி 'ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன்' என்று உங்கள் கையாலேயே எழுதிவிட்டுப் போடுங்கள். இதுவும் அந்த அண்ணன் சொன்னதுதான்.

கிராஜுட்டி, அதாவது வேலையை விடும்போது தர வேண்டிய பணிக்கொடை, அது மட்டும் பாக்கி. அஞ்சு வருஷத்துக்கு 13,000ஐ 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் வருஷத்துக்கு 7,500, ஆக 37,500. முதல் பதினொரு மாதம் கான்ட்ராக்டர் ஆள், எங்கள் கணக்கில் நாலு வருஷம் நாலு மாதம்தான், அஞ்சு வருஷம் ஆகவில்லை என்கிறார்கள். என்னிடம் 2018 டிசம்பர் டியூட்டி ரோஸ்டரின் போட்டோ இருக்கிறது, இவர்களுடைய லெட்டர்ஹெட்டில், இவர்களுடைய மேனேஜர் கையெழுத்தோடு. அதில் மூன்றாவது பெயர் என்னுடையது. அடுத்த விசாரணைக்கு அந்த போட்டோவை பிரின்ட் போட்டு அம்மாவின் டப்பாவில் வைத்திருக்கிறேன்.